தூள் உலோகவியல் பல்சக்கரங்களின் அயர்வு வலிமை: புரையின் அளவும் இடமும்

ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்று வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு வட்டாரத்தில் இரவும் பகலும் ஓய்வதில்லை. அந்நாள்களில் பழைய 225 கிலோவாட் காற்றாலை ஒன்றின் ஜெனரேட்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1000 முறை சுற்றுகிறது. அதை ஓட்டும் சிறு பல்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் சுற்றுக்கு ஒருமுறை சுமையைத் தாங்கி இறக்குகிறது. ஒரு நாளைக்கு 14,40,000 முறை. ஏழு நாளில் 1 கோடியைத் தாண்டிவிடும். பல ஆய்வகங்கள் அயர்வுச் சோதனையை நிறுத்திக்கொள்வதும் அந்த 1 கோடியில்தான்.

காற்றாலை கியர்பாக்ஸின் பற்கள் தூளால் ஆனவை அல்ல. எஃகைக் கடைந்து, மேற்பரப்பில் கார்பன் ஏற்றியவை. தூளால் ஆகும் பல்சக்கரங்கள் சிறியவை: பைக்கின் ஆயில் பம்ப், துளையிடும் கைக்கருவி போன்றவற்றில் இருப்பவை. ஆனால் எண்ணிக்கை அவற்றையும் விடுவதில்லை. நிமிடத்துக்கு 2000 முறை சுற்றும் பம்ப் சக்கரத்தின் பல் 84 மணி நேரத்துக்குள் அதே 1 கோடியை எட்டிவிடும். ஓசூரில் சுந்தரம் ஃபாஸனர்ஸ் போன்ற ஆலைகள் தூள் உலோகப் பாகங்களைச் செய்துவரும் தமிழ்நாட்டில், இந்தப் பல் எதனால் முறிகிறது என்பது ஏட்டுக் கேள்வியாக நின்றுவிடாது.

இரும்புத் தூளை அச்சில் இட்டு ஏறத்தாழ 600 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் இறுக்கி, 1120 டிகிரி செல்சியஸ் உலையில் சிண்டரிங் செய்கிறார்கள். துகள்கள் உருகாமலே ஒட்டிக்கொள்கின்றன. கடைசல் வேலையும் கழிவும் மிகக் குறைவு என்பது இம்முறையின் பெரும் பலம். விலை, உள்ளே தங்கும் புரை. முழு இரும்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.87 கிராம், ஒருமுறை அழுத்திச் சுட்ட சக்கரம் 7.1 அளவில் நின்றுவிடுகிறது. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வெற்றிடம்.

இதனால் வடிவமைப்பாளர் முதலில் கேட்பது அடர்த்தியைத்தான். மீள்தன்மைக் குணகத்துக்கு அந்தக் கேள்வி சரியானது. அது பருமன் முழுவதையும் சார்ந்த பண்பு. அயர்வு அப்படியல்ல. அது ஓரிடத்தில் தொடங்குகிறது. சுமை மிகும் இடத்தில் உள்ள மிகப் பெரிய புரையில் விரிசல் பிறக்கிறது. மற்ற ஆயிரம் புரைகள் எவ்வளவு சிறியவை என்பது அப்போது கணக்கில் வராது. சராசரி அடர்த்தியைக் கொண்டு அயர்வு வலிமையை மதிப்பிடுவது, குளத்தின் சராசரி ஆழத்தைச் சொல்லிப் பிள்ளையை இறக்கிவிடுவது போன்றது.

ஜப்பானிய ஆய்வாளர் யுகிதகா முரகாமியின் சூத்திரப்படி, மேற்பரப்புக் குறை ஒன்று தரும் அயர்வு வரம்பு, குறையின் பரப்பளவினுடைய வர்க்கமூலத்தின் ஆறாம் மூலத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். விக்கர்ஸ் கடினத்தன்மை 400, புரையின் அந்த வர்க்கமூல அளவு 100 மைக்ரான் என்று கொண்டால், வரம்பு ஏறத்தாழ 345 மெகாபாஸ்கல். புரையைப் பாதியாக, 50 மைக்ரானாகக் குறைத்தால் 387. இவ்வளவு பாடுபட்டுக் கிடைப்பது 12 விழுக்காடு. தனித்தனிக் குறைகளுக்கென எழுந்த சூத்திரம் இது. தூள் எஃகிலோ அண்டைப் புரைகள் சேர்ந்து ஒரே புரைபோல் இயங்கும். ஆகவே இந்த எண்களை மேல்வரம்பாகவே கொள்ள வேண்டும்.

இனி புரையைச் சிறிதாக்காமல் இடம் மாற்றிப் பார்ப்போம். பல்லின் அடிப்பகுதி 4 மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்வோம். வளைவில் தகைவு மேற்பரப்பில் உச்சம், நடுவில் சுழி. மேற்பரப்பில் அரை மில்லிமீட்டரை மட்டும் புரையின்றிக் கெட்டிப்படுத்தினால், முதல் புரை சந்திக்கும் தகைவு உச்சத்தில் முக்கால் பங்குதான். அதே பயனைப் புரையைச் சுருக்கியே பெற வேண்டுமானால் ஐந்தரை மடங்குக்கு மேல் சுருக்க வேண்டும். எந்த அச்சும் எந்த உலையும் அதை எளிதில் தராது. என் வாதம் இந்த ஒப்பீட்டில்தான் நிற்கிறது: முழுச் சக்கரத்தின் அடர்த்தியை 7.1-இலிருந்து 7.3-க்கு உயர்த்தச் செலவிடுவதைவிட, உருளை கொண்டு பல்லின் மேற்பரப்பை நெருக்குவதற்குச் செலவிடுவதே அறிவுடைமை. இன்னொரு நன்மையும் உண்டு. திறந்த புரைகள் வழியே கார்பன் ஏற்றும் வாயு கட்டுப்பாடின்றி உள்ளே போய்விடும். மேற்பரப்பு மூடியிருந்தால் கடின அடுக்கின் ஆழம் நம் கையில் இருக்கும்.

புரையை நெருக்கி மூடும் இந்த உத்தி தாமிரபரணிக் கரைக்கு அந்நியமானதல்ல. 1876-இல் ஜாகோரும், 1899 முதல் அலெக்சாந்தர் ரீயும் ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுத்தவற்றில் இரும்புக் கருவிகளும் உண்டு. பண்டைய உலைகளில் இரும்பு உருகி ஓடவில்லை. கடற்பஞ்சு போன்ற கட்டியாகத்தான் கிடைத்தது. அதைக் காய்ச்சி, அடித்து, புரையை மூடிக் கசடை வெளியேற்றியது கொல்லரின் சம்மட்டி.

உருளைக்கும் எல்லை உண்டு. அது பல்லின் பக்கத்தை நன்றாக நெருக்கும். விரிசல் பிறக்கும் அடி வளைவை எளிதில் எட்டாது. இருபுறமும் ஒரே ஆழத்துக்கு இறுகுவதுமில்லை. இரு திசையிலும் வளையும் இடைச் சக்கரங்களில் அனுமதித் தகைவை 70 விழுக்காடு அளவுக்குக் குறைக்க வேண்டியிருப்பதால், அங்கே இந்தக் குறை பெரிதாகும். ஆகவே வரைபடத்தில் அடர்த்தியோடு, அடி வளைவில் கெட்டிப்பட்ட அடுக்கின் ஆழத்தையும் அங்கு அனுமதிக்கும் மிகப் பெரிய புரையையும் எழுத வேண்டும். சோதனைத் தண்டோடு நிற்காமல் செய்து முடித்த பல்லையே சோதிக்க வேண்டும்.

அந்த ஆழத்தையும் புரையையும் அளப்பதற்கு வேண்டியது உலோகவியல் நுண்ணோக்கியும் பொறுமையும். பல்லை வெட்டி, பிசின் ஊட்டிப் பதித்து, மெருகேற்றும்போது இரும்பு மெல்ல இழுபட்டுப் புரையின் வாயை மூடிவிடும். லேசான அமிலத்தில் நனைத்து மீண்டும் மெருகேற்றினால்தான் அது திறக்கும். அவசரமாகத் தேய்த்த மாதிரியில், முறியப்போகும் பல்லும் முழு இரும்பாகவே மின்னும்.