கணக்கெடுத்த பிள்ளைகள்

1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழு, பிறகு நம்ம சேலத்துக்கும் வந்தது. கணக்கு நோட்டு எழுதித்தான் நாம் பேங்க் படி ஏறினோம். அதே மாதிரி கணக்கெழுதி ஊர்க் குறையை வெளியே கொண்டுவந்த இளம்பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறேன்.

மும்பைத் துறைமுக நிலத்தில் கவுலா பந்தர் என்ற குடிசைப் பகுதி இருந்தது. முதலில் குடியேறியவர்கள் நம்ம தமிழ்நாட்டுச் சனங்கள். அரசுப் பட்டியலில் அந்தப் பகுதி இல்லாததால் மாநகராட்சிக் குடிநீர் கிடைக்கவில்லை. விலைக்குத்தான் வாங்கணும். ‘புகார்’ என்ற அமைப்பு அங்குள்ள இளைஞர்களுக்கே ஆய்வு செய்யப் பயிற்சி கொடுத்தது. ‘வெறுங்கால் ஆய்வாளர்கள்’ என்று அவர்களுக்குப் பெயர். தண்ணி என்ன விலை, எத்தனை லிட்டர் கிடைக்குது என்று வீடுவீடாகக் கேட்டு எழுதினார்கள்.

2013இல் ஆய்வு வெளியானது. மாநகராட்சிக் கட்டணம் 1000 லிட்டருக்கு 2 ரூபாய் 25 காசு. இந்த ஏழைகள் கொடுத்ததோ அதைப்போல 52 முதல் 206 மடங்கு! சில பருவங்களில் 100க்கு 95 வீடுகளில் ஆளுக்கு நாளைக்கு 50 லிட்டர்கூட இல்லை.

அடுத்த ஆண்டு டிசம்பரில், வேறொரு அமைப்பு போட்ட பொதுநல வழக்கில், அனுமதியில்லாத குடிசைகளுக்கும் குடிநீர் தரணும் என்று மும்பை உயர் நீதிமன்றம் சொன்னது.

அயோத்தியாப்பட்டணத்திலும் நம்ம பிள்ளைங்க காலேஜ் படிக்குதுங்க. எந்தத் தெருவுக்குத் தண்ணி வருது, எதுக்கு வரலை என்று அவங்களே கணக்கெடுக்கட்டும். வெறும் வாய்ப்பேச்சாகச் சொன்னால் புலம்பல் என்பார்கள். கணக்கோடு அதிகாரிகள் முன்னால் வைத்தால் பதில் சொல்லித்தானே ஆகணும்?