அலோக ஆக்சைடுகளின் அமிலத்தன்மை

அலோகங்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து உண்டாகும் சேர்மங்களில் பெரும்பாலானவை அமிலத்தன்மை கொண்டவை. காரங்களோடு வினைபுரிந்து உப்பைத் தரும். பல நீரில் கரைந்து நீல லிட்மசைச் சிவப்பாக்கும். கார்பன் டை ஆக்சைடு, சல்பர் டை ஆக்சைடு, பாஸ்பரஸ் பென்டாக்சைடு ஆகியவை பள்ளிப் பாடத்திலிருந்தே அறிமுகமானவை.

கோட்பாட்டுக்கு முன்பே தொழில் வந்துவிட்டது. 1746இல் பர்மிங்காமில் ஜான் ரோபக், ஈயத் தகடு வேய்ந்த அறைகளில் கந்தகத்தையும் வெடியுப்பையும் எரித்து, புகையை நீரில் கரையவிட்டுக் கந்தக அமிலம் எடுத்தார். எரியும் பொருள்களுக்குள் புளோஜிஸ்டன் என்றொரு பொருள் இருக்கிறது என்ற கொள்கையை அக்கால வேதியியலார் நம்பினர். அதன்படி அமிலம் கந்தகத்துக்குள்ளேயே இருந்தது. எரியும்போது புளோஜிஸ்டன் நீங்க, அமிலம் எஞ்சியது.

இந்தக் கணக்கைத் தராசு கவிழ்த்தது. 1772இல் பாரிசில் லவாய்சியர் பாஸ்பரசையும் கந்தகத்தையும் எரித்தபோது, விளைபொருளின் எடை குறையவில்லை, கூடியிருந்தது. ஏதோ ஒன்று காற்றிலிருந்து வந்து சேர்ந்திருக்க வேண்டும். அதுவே எல்லா அமிலங்களுக்கும் மூலம் என்று பின்னர் முடிவுகட்டி, 'அமிலம் ஆக்குவது' என்ற பொருளில் ஆக்சிஜன் எனப் பெயரிட்டார். அலோக ஆக்சைடுகளைப் பொறுத்தவரை அவர் கண்டது சரி. அதை எல்லா அமிலங்களுக்கும் நீட்டியதுதான் வினையாயிற்று. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் ஒளிந்திருப்பதாகவே அவர் நம்பினார். அந்த அமிலத்திலுள்ள குளோரின் ஆக்சிஜன் அடங்காத ஒரு தனிமம் என்று 1810இல் ஹம்ப்ரி டேவி அறிவித்த பின் அந்த நம்பிக்கை தளர்ந்தது. அமிலத்தன்மைக்குக் காரணம் ஹைட்ரஜனே என்ற கருத்து மெல்ல வேரூன்றியது.

ஆக்சைடு நீரோடு சேர்ந்தபின், மைய அணு எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுப்பதால் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு நலிந்து, ஹைட்ரஜன் அயனி எளிதில் விலகுகிறது என்பது இன்றைய விளக்கம். ஆக்சிஜனேற்ற எண் உயர உயர இந்த இழுப்பும் வலுக்கும். சல்பியூரஸ் அமிலத்தைவிடச் சல்பியூரிக் அமிலம் வலியது இதனால்தான். மாங்கனீஸ் உலோகமாயினும் அதன் ஹெப்டாக்சைடு அமிலமாக நடந்துகொள்வதும் இதே காரணத்தால். அலோக ஆக்சைடுகளில் விலக்குகளும் உண்டு: கார்பன் மோனாக்சைடு, நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஸ் ஆக்சைடு ஆகிய மூன்றும் நடுநிலை ஆக்சைடுகள்.

சிலிக்கா நீரில் கரைவதில்லை; லிட்மஸ் சோதனையில் அது சிக்காது. ஆனால் அதுவும் அமில ஆக்சைடே; ஊதுலையில் காரமான சுண்ணாம்போடு வினைபுரிந்து கசடாகிறது. நீரே இல்லாத இத்தகைய வினைகளுக்கு 1939இல் ஹெர்மன் லக்ஸ் புதிய வரையறை தந்தார்: ஆக்சைடு அயனியை ஏற்பது அமிலம், தருவது காரம். அனல்மின் நிலையப் புகையிலுள்ள சல்பர் டை ஆக்சைடைச் சுண்ணாம்புக் கரைசலால் பிடித்து ஜிப்சமாக்குவதும் அமில ஆக்சைடு–கார வினைதான்.