பாலாற்றங்கரையில் பறவை நோக்கியோர்

விரிஞ்சிபுரம் என்றவுடன் அன்பர் நெஞ்சில் முதலில் எழுவது மார்க்கபந்தீசுவரர் திருக்கோயிலின் மதிலழகு. அடுத்து எழுவது ஊர்ப்பெயரின் கதை. விரிஞ்சன் என்பது நான்முகனின் பெயர். அன்னமாய்ப் பறந்து முடி தேடியும் காணாமல், கண்டதாகப் பொய்யுரைத்த அந்த நான்முகன், இவ்வூரில் சிறுவனாய்ப் பிறந்து பூசை செய்ய, இறைவன் தலை சாய்த்துத் தன் முடியைக் காட்டினான் என்பது தலபுராணம். பறந்து தேடியவன் காணாததை நின்று தொழுதவன் கண்டான் என்பது அதன் பொருள். இறைவனுக்கு இங்கு வழித்துணைநாதன் என்றும் பெயர்.

புராணத்தில் ஓர் அன்னத்தையும் பெயரில் ஒரு வழித்துணையையும் உடைய இவ்வூரைச் சூழ்ந்த நிலத்தில், பறவைகளை எவர், எக்காலத்தில், என்ன நோக்கத்துடன் நோக்கினர் என்பதைத் தொகுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நம் வட்டத்தின் பத்தாண்டு மலரில் இலக்கியத்தின் இடையே இப்பொருளுக்கும் இடம் வேண்டுவதற்குக் காரணம் உண்டு. பாலாற்றின் வரலாற்றைக் கல்வெட்டில் படித்தோர் பலர். நீதிமன்றத் தீர்ப்பில் படித்தோரும் உளர். அதன் பறவைகளில் படித்தோர் சிலரே.

வரவும் செலவும்

மேலைநாட்டார்க்கு இளவேனிலின் முதற்குறி தகைவிலானின் வரவு. நெடுந்தொலைவிலிருந்து அப்பறவை மீண்டு வரும் நாளை அவர்கள் ஆண்டுதோறும் ஏட்டில் குறித்தனர். இங்கிலாந்தில் செல்போர்ன் என்னும் சிற்றூரைச் சேர்ந்த கில்பர்ட் ஒயிட் என்ற பாதிரியார், தம் ஊர்ப் பறவைகளைப் பற்றி எழுதிய கடிதங்களை 1789ஆம் ஆண்டு நூலாக்கினார். குளிர்காலத்தில் தகைவிலான்கள் எங்கே செல்கின்றன என்பது அவருக்கு இறுதிவரை முழுதும் தெளியாத வினாவாகவே இருந்தது. 1899ஆம் ஆண்டு டென்மார்க்கில் மார்ட்டென்சன் என்ற ஆசிரியர் எண் பொறித்த வளையங்களைப் பறவைக் கால்களில் பூட்டத் தொடங்கிய பிறகே இத்தகைய வினாக்களுக்கு ஐயமற்ற விடை கிடைக்கலாயிற்று.

அவர்கள் வரவை எண்ணும் பருவத்தில் நாம் எண்ணத்தக்கது செலவு. மாசியும் பங்குனியும் நமக்குப் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஐப்பசி வாக்கில் வந்து இறங்கிய விருந்தினர் விடைபெறும் காலம் பின்பனியின் இறுதி. மின்கம்பிகளில் வரிசையாய் அமரும் தகைவிலான்கள், ஏரிக்கரையில் வாலசைத்து நடக்கும் வாலாட்டிகள், சேற்றைக் கிளறும் உள்ளான்கள், ஊசிவால் வாத்துகள் ஆகியவை ஒவ்வொன்றாய்க் குறைகின்றன. சூறைக்குருவி என்றும் சோளப்பட்சி என்றும் வழங்கும் இளஞ்சிவப்பு மைனாக் கூட்டங்கள் இலவும் முருக்கும் பூத்த மரங்களில் தேனுண்டு, நடு ஆசியாவின் புல்வெளிகளை நோக்கிப் புறப்படுகின்றன. தென்கோடியிலிருந்து இமயத்தின் அடிவாரம் வரை செல்லும் ஆறுமணிக்குருவி, சித்திரையில் தோட்டத்துச் சருகுகளிடையே ஓரிரு நாள் தங்கிச் செல்வதுண்டு.

செல்வோர் செல்ல, இருப்போர் இல்லறம் தொடங்குகின்றனர். குயில் குரலெடுக்கிறது. மடையானின் மண்ணிற முதுகு செம்பழுப்பாய் மாறுகிறது. ஆற்றின் சரளைக்கற்களிடையே ஆட்காட்டி முட்டையிடுகிறது. ஆதலின் இந்த இரண்டு மாதங்களைக் கூர்ந்து நோக்குபவர், ஓராண்டின் கணக்கு முடிவையும் புதுக்கணக்கின் தொடக்கத்தையும் ஒருங்கே காண்பர்.

சான்றோரும் உழவரும்

பறவை நோக்கல் மேலைநாட்டார் நமக்குக் கற்பித்த கலை என்பது பொருந்தாக் கூற்று. குருகு, நாரை, அன்றில், மகன்றில், குறும்பூழ் எனச் சங்கச் சான்றோர் பெயரிட்டழைத்த புள்ளினங்கள் பல. அவற்றுள் கணந்துள் என்னும் நெடுங்காற் பறவை ஒன்று குறுந்தொகையிலும் நற்றிணையிலும் வருகிறது. ஆள் அரவம் கண்டால் அது கூவும். அக்குரல் வழிப்போக்கருக்கு எச்சரிக்கையாகும். இன்றைய ஆட்காட்டியின் இயல்பும் அதுவே. சுரத்தில் நடந்தோர்க்கு ஒரு பறவையின் குரல் வழித்துணையாயிற்று என்பதைப் புலவர் கண்டு பாடியிருக்கின்றனர் எனில், அது கற்பனை அன்று. களத்தில் நின்று கேட்ட கேள்வி. பி.எல். சாமி அவர்களின் ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ இத்துறையில் நமக்குக் கிடைத்த நல்ல கைவிளக்கு. பேராசிரியர் க. ரத்னம் அவர்கள் பறவைகளின் தமிழ்ப்பெயர்களைத் தொகுத்த பணியும் நன்றியுடன் நினைக்கத்தக்கது.

புலவர் பாடினர், உழவர் காத்தனர். இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டா. பாலாறு கடலை நெருங்கும் செங்கற்பட்டு நாட்டில் உள்ளது வேடந்தாங்கல். ஏரியில் கூடுகட்டும் பறவைகளைச் சிப்பாய்கள் சுடுகின்றனர் என்று ஊரார் முறையிட, 1798ஆம் ஆண்டு மாவட்ட ஆட்சியர் லயனல் பிளேஸ் அவ்வூரார்க்குப் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதித் தந்தார். 1858ஆம் ஆண்டு அவ்வுரிமை புதுப்பிக்கப்பட்டது. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் பாயும் வயல் நன்கு விளையும் என்பதை ஊரார் தம் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். காட்டுயிர்ப் பாதுகாப்பு என்ற சொல் சட்டநூலில் ஏறுவதற்கு நெடுங்காலம் முன்னரே, தொண்டைநாட்டு உழவன் அதனைத் தன் வேளாண்மையின் ஒரு கூறாகக் கொண்டிருந்தான்.

துப்பாக்கியும் தூரிகையும்

கும்பினியார் காலத்தில் பறவை நூல் எழுதியோருள் முதன்மையானவர் தாமஸ் ஜெர்டான் (1811–1872). சென்னை மாகாணப் படையின் மருத்துவராக வந்த இவர், பணி நிமித்தம் சென்ற இடமெல்லாம் பறவைகளைச் சேகரித்தார். 1840களில் இவர் சென்னையில் வெளியிட்ட படநூலுக்கு ஐம்பது ஓவியங்கள் தேவைப்பட்டன. அவற்றை வரைய நம் நாட்டு ஓவியரும் துணைநின்றனர். 1862 முதல் 1864 வரை வெளிவந்த ‘இந்தியப் பறவைகள்’ என்னும் இவரது பெருநூலில் பல பறவைகளுக்குத் தமிழ், தெலுங்குப் பெயர்களும் குறிக்கப்பட்டுள்ளன. அப்பெயர்களைச் சொன்ன வேடுவரும் உழவரும் பெயரின்றி மறைந்தனர். அவர்கள் சொன்ன சொற்கள் நூலில் நிலைத்தன.

ஜெர்டான் கண்டறிந்த பறவைகளுள் ஒன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. நமக்கு வடக்கே கடப்பை, நெல்லூர்ப் பகுதிகளின் முட்புதர்க் காடுகளில் இரவில் உலவும் கல்குருவி இனம் அது. 1900ஆம் ஆண்டளவில் ஒருமுறை காணப்பட்டபின், அஃது அழிந்தொழிந்ததென்றே அறிஞர் கருதினர். 1986ஆம் ஆண்டு சனவரியில் கடப்பை மாவட்டத்து இலங்கமலை அருகே அது மீண்டும் அகப்பட்டது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பரத் பூஷண், இப்பறவையை அறிந்த உள்ளூர் வேட்டுவர் துணைகொண்டே அதனைக் கண்டார். அறிஞர் ஏடு இல்லையென்றதை உள்ளூரார் கண் உண்டென்றது. நம் நாட்டுப் பறவையியலில் இதனினும் பெரிய பாடம் வேறில்லை.

துப்பாக்கியின்றிப் பறவை நோக்கும் மரபை இந்நாட்டில் வேரூன்றச் செய்தவர் சாலிம் அலி (1896–1987). 1941ஆம் ஆண்டு வெளிவந்த அவரது ‘இந்தியப் பறவைகள் நூல்’ கையில் ஏந்திக் களத்திற்குச் செல்லத்தக்கது. தமிழகத்தில் மா. கிருஷ்ணன் (1912–1996), நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர், தமிழிலும் ஆங்கிலத்திலும் பறவைகளைப் பற்றி எழுதினார். கல்கத்தா நாளிதழ் ஒன்றில் 1950 முதல் தம் மறைவு வரை அவர் இடையறாது எழுதிய பத்தி, ஊர்ப்புறத்து எளிய பறவைகளுக்கும் இலக்கியத் தகுதி தந்தது.

நோயின் வழியே வந்த ஆராய்ச்சி

பறவை நோக்கலின் வரலாற்றில் வேலூர் தனியிடம் பெற்றதற்குக் காரணம் பறவைக்காதல் அன்று, குழந்தைகளின் மரணம். 1955ஆம் ஆண்டு வடஆர்க்காடு மாவட்டத்தின் சிற்றூர்களிலும் அடுத்த ஆந்திரப் பகுதிகளிலும் மூளைக்காய்ச்சல் கண்ட குழந்தைகள் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். 1952ஆம் ஆண்டு புனேயில் நிறுவப்பட்ட வைரஸ் ஆராய்ச்சி மையத்தார் அவர்களின் குருதியை ஆய்ந்தனர். அந்நோய் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் எனத் தெரிந்தது. இந்தியாவில் மனிதரிடம் அந்நோய் முதன்முதல் அறியப்பட்டது இங்கேதான்.

நச்சுயிரி எங்கே வாழ்கிறது, எவ்வாறு குழந்தையை அடைகிறது என்ற வினா எழுந்தது. ஜப்பானில் அதே பத்தாண்டில் டோக்கியோவை அடுத்த கொக்குக் குடியிருப்புகளில் நடந்த ஆய்வு ஒரு வழியைக் காட்டியது. கொக்கு, நாரை, வக்கா ஆகியவற்றின் குருதியில் நச்சுயிரி பெருகுகிறது. ஆயினும் அவை நோயுறுவதில்லை. வயல்நீரில் பிறக்கும் க்யூலெக்ஸ் இனக் கொசு அவற்றைக் கடித்து நச்சுயிரியைப் பெற்றுப் பன்றிக்கும் மனிதனுக்கும் கடத்துகிறது. வேலூர் வட்டாரத்தில் 1950களிலும் 1960களிலும் மருத்துவரும் பூச்சியியலாரும் கொசுக்களைப் பிடித்து ஆய்ந்தனர். நம் வயல்களில் ஏர் பின்னே நடக்கும் உண்ணிக்கொக்கும் மடையானும் இந்நச்சுயிரியைத் தாங்க வல்லவை என்பதை இந்தியாவில் பின்னர் நடந்த சோதனைகள் உறுதிசெய்தன.

இங்கே பறவையைப் பழிப்பது பேதைமை. நெல்வயல் உள்ளளவும் கொசுவும் கொக்கும் உண்டு. கொக்கு இல்லாத வயலில் பூச்சி பெருகும். பன்றிப்பட்டியைக் குடியிருப்பிலிருந்து விலக்குவதும், குழந்தைகளுக்குத் தடுப்பூசி இடுவதுமே உய்யும் வழி. தீவிரப் பகுதிகளில் அத்தடுப்பூசித் திட்டம் நம் நாட்டில் 2006ஆம் ஆண்டு தொடங்கிற்று.

நோய் பற்றிய அச்சமே நம் நாட்டில் வலசை ஆய்வுக்கும் பொருள் தேடித் தந்தது. 1957ஆம் ஆண்டு கன்னடநாட்டு ஷிமோகாக் காடுகளில் குரங்குக்காய்ச்சல் தோன்றியது. வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகளின் உண்ணிகள் அதனைக் கொணர்ந்தனவோ என்ற ஐயத்தின் பேரில், உலக நலவாழ்வு நிறுவனத்தின் உதவியுடன் 1959ஆம் ஆண்டு சாலிம் அலியின் தலைமையில் வளையம் பூட்டும் பணி தொடங்கிற்று. கோடியக்கரையின் பெருமையை உலகறியச் செய்தது அப்பணியே.

தோலும் பாறும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என நீளும் தோல்தொழில் வட்டாரத்தில் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகைப் பற்றிப் பேசாமல் பறவை வரலாறு நிறைவுறாது. சிற்றூரில் மாடு இறந்தால் தோல் உரிக்கப்பட்டு மண்டிக்குச் சென்றது. எஞ்சிய உடலை ஊர்ப்புறத்தில் இட்டால், பாறுகள் சில மணி நேரத்தில் எலும்பு மட்டும் எஞ்சத் தூய்மை செய்தன. மனிதன், மாடு, பாறு என்ற மூவரின் உடன்பாடு அது. எவரும் எழுதி வைக்காத உடன்பாடு.

1990களில் அது முறிந்தது. வெண்முதுகுப் பாறுகள் 1992க்கும் 2007க்கும் இடையே ஆயிரத்துக்கு ஒன்றாய்க் குறைந்தன. மாட்டின் வலிநீக்க ஊசியாகிய டைக்ளோஃபினாக் அவற்றின் சிறுநீரகத்தை அழித்தது என்பதை 2004ஆம் ஆண்டு ஆய்வாளர் நிறுவினர். 2006ஆம் ஆண்டு கால்நடைகளுக்கு அம்மருந்து தடைசெய்யப்பட்டது. நாள்தோறும் நண்பகலில் திருக்கழுக்குன்றத்தில் அமுதுண்ண வந்த மஞ்சள்முகப் பாறுகளும் அப்பத்தாண்டிலேயே வாராதொழிந்தன. தமிழகத்தில் இன்று பாறுகள் கூட்டமாய் எஞ்சியிருப்பது நீலகிரியை அடுத்த மாயாற்றுப் பள்ளத்தாக்கிலேயாம்.

இவ்வழிவு எவ்வாறு தெரியவந்தது என்பது நாம் ஊன்றி நோக்கத்தக்கது. இந்தியாவின் ஆயிரக்கணக்கான ஊர்களிலிருந்து பாறுகள் மறைந்தன. ஆனால் பரத்பூர் கேவலாதேவ் சரணாலயத்தில் மட்டும் 1980களிலேயே கூடுகளையும் பறவைகளையும் எண்ணி எழுதி வைத்திருந்தனர். அவ்வெண்ணிக்கையோடு 1990களின் எண்ணிக்கையை ஒப்பிட்ட விபு பிரகாஷ் அவர்களே ஆபத்தை உலகுக்கு அறிவித்தார். ஏனைய ஊரார், “முன்பெல்லாம் நிறைய வரும்” என்று சொல்ல மட்டுமே இயன்றது. நினைவு சான்றாகாது, எழுத்தே சான்றாகும்.

ஆறும் ஏடும்

ஆற்றின் கதையும் அவ்வாறே. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலம் போய், 1970களில் அரசு முழுதும் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை ஊக்குவித்த பின் குரோமியம் பெருகிற்று. 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக்கியது. தோல் பதனிடும் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதுமோ பகுதியோ பயிருக்குத் தகாததாயிற்று என்ற ஆய்வுச் செய்தி அத்தீர்ப்பில் இடம்பெற்றுள்ளது. 2025ஆம் ஆண்டு சனவரியில் பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மீண்டும் ஆணை பிறப்பிக்க வேண்டியிருந்தது என்பதே நிலைமையை உணர்த்தும். பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடும் தொழிலும் வேண்டும். அக்குடும்பங்கள் குடிக்கத்தக்க நீரும் வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. கழிவுநீர்த் தேக்கத்திலும் பவளக்கால் உள்ளானும் கொக்கும் திரளும். பறவை மிகுந்திருப்பதால் நீர் தூயதென்று கொள்ளலாகாது. எந்த இனம் உள்ளது, எது வாராதொழிந்தது, எது கூடு கட்டுகிறது என்ற விவரமே பேசும். மணல் அள்ளப்பட்ட ஆற்றில் ஆட்காட்டிக்கு முட்டையிட இடமில்லை என்பதும் அவ்விவரத்துள் அடங்கும்.

அவ்விவரத்தைத் திரட்டும் பணி இன்று எவர்க்கும் எளிது. 2015 முதல் தமிழகப் பறவை ஆர்வலர் பொங்கல் நாட்களில் பறவைகளைக் கணக்கெடுத்து வருகின்றனர். பிப்ரவரியில் உலகெங்கும் நிகழும் கணக்கெடுப்பிலும் 2013 முதல் இந்தியர் பங்கு கொள்கின்றனர். பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்டவற்றின் பெயரும் எண்ணிக்கையும் குறித்தால் போதும். பள்ளி மாணவனும் செய்யலாம். ஓய்வுபெற்ற ஆசிரியரும் செய்யலாம்.

விரிஞ்சிபுரம் கோயிலுக்குள் செல்வோர், நிழல் கொண்டு பொழுதறியும் கல்லைக் காண்பர். தமிழ் எண்கள் பொறித்த அக்கல், இவ்வூரார் காலத்தை அளந்து வாழ்ந்தவர் என்பதற்குச் சான்று. அம்மரபினர் ஒரு பறவைப் பதிவேட்டையும் தொடங்குதல் வேண்டும். கடைசித் தகைவிலான் கம்பியில் அமர்ந்த நாள், முதற்குயில் கூவிய நாள், ஆற்றில் ஆட்காட்டி முட்டையிட்ட இடம் ஆகியவை ஆண்டுதோறும் அதில் ஏற வேண்டும். நம் வட்டத்தின் இருபதாம் ஆண்டு மலர் வெளிவரும்போது, பத்தாண்டுப் பதிவுகளைக் கொண்ட கட்டுரை ஒன்று அதில் இடம்பெறுமாயின், இக்கட்டுரையின் பயன் நிறைவேறும்.