வந்ததா, வந்தானா? அரிக்கொம்பனும் அதன் ரசிகர்களும்

போனக்காட்டிலிருந்து அகத்தியமலைத் தொடரை ஒட்டியே தென்கிழக்காகச் சென்றால் மேல் கோதையாறு. இடுக்கி மாவட்டத்துச் சின்னக்கானலில் பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன் என்னும் காட்டியானை, இரண்டாம் முறை பிடிபட்ட பின் 2023 ஜூன் மாதத்தில் இங்குதான் விடப்பட்டது. மலையின் மறுபுறம் நெய்யாறு, பேப்பாறை சரணாலயங்கள். மாநில எல்லை யானைக்குப் பொருட்டல்ல. எனவே ரேடியோ காலரின் சமிக்ஞைகளை இரு மாநில வனத்துறைகளும் கவனித்து வந்தன.

மலையாளத்தில் ‘அரி’ என்பது அரிசி. ‘கொம்பன்’ என்பது தந்தமுள்ள ஆண் யானை. ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்றதனால் அமைந்த காரணப்பெயர் இது. தமிழ் இதழ்கள் சில முன்பாதியை மொழிபெயர்த்து ‘அரிசிக் கொம்பன்’ என எழுதின. பின்பாதிக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. “நீ என்ன பெரிய கொம்பனா?” என்னும் வழக்கில் அச்சொல் வேறொரு பொருளோடு நம்மிடம் முன்பே இருந்தது. விலங்கைச் சுட்டிய சொல் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கியபோது வல்லவனைச் சுட்டும் சொல்லாகவும் ஒலித்தது.

இலக்கண வேறுபாடு ஒன்றும் இதில் பங்கு வகிக்கிறது. மலையாள வினைமுற்று திணையையும் பாலையும் காட்டாது. தமிழில் எழுதுவோர் ‘வந்தது’, ‘வந்தான்’ என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். செய்தியாளர் முன்னதைத் தேர்ந்தனர், ரசிகர் பின்னதை. ரசிகர் என்பது மிகையன்று. அரிக்கொம்பனுக்கு ரசிகர் மன்றங்களும் ஃப்ளெக்ஸ் பலகைகளும் இருந்தன, இடுக்கியில் சிலை எழுந்தது, திரைப்படமும் அறிவிக்கப்பட்டது.

நிகழ்வுகளின் வரிசை பலரும் அறிந்ததே. 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் யானையைப் பிடிக்கத் தடை விதித்தது. சின்னக்கானல் வட்டாரத்தில் கடையடைப்பு நடந்தது. முதலில் தேர்ந்த பறம்பிக்குளத்தை அவ்வட்டார மக்கள் ஏற்கவில்லை. ஏப்ரல் 29 அன்று பிடிக்கப்பட்ட யானை பெரியாறு காப்பகத்தில் விடப்பட்டு, மேகமலை வழியே மே 27 அன்று கம்பம் நகருக்குள் நுழைந்தது. அங்குக் காயமுற்ற ஒருவர் மூன்று நாள் கழித்து இறந்தார். ரசிகர் பதிவுகளில் இம்மரணம் ஓர் அடைமொழி அளவுக்குக்கூட இடம்பெறவில்லை என்பதை நான் அலட்சியமாகக் கடக்க இயலவில்லை.

நாயகன் ஒருவனின் வாழ்க்கைக் கதையாக இது சொல்லப்படும்போது நிலத்தின் வரலாறு கழன்றுவிடுகிறது. சின்னக்கானலை அடுத்த அணையின் பெயர் ஆனையிறங்கல். யானை இறங்குமிடம் என்று ஊர்ப்பெயரே சான்று கூறுகிறது. அங்கே தேயிலை வந்தது; 1960களில் அணை வந்தது; இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலமற்ற பழங்குடிக் குடும்பங்கள் 301 அங்கே குடியமர்த்தப்பட்டன. அது யானைகளின் வாழிடம் என்ற வனத்துறை அதிகாரியின் எச்சரிக்கை கேட்கப்படவில்லை. அக்குடும்பங்களில் பெரும்பாலானவை பின்னர் வெளியேறின. அவர்களுக்கு ரசிகர் மன்றம் இல்லை.

கனடாவின் விக்டோரியா நகரை அடுத்த சிறு தீவுகளில் 2012 முதல் தனித்து வாழ்ந்த தக்காயா என்னும் ஓநாய்க்கும் இத்தகைய அன்பர் கூட்டம் இருந்தது. 2020 ஜனவரியில் நகருக்குள் வந்த அதனை மயக்கி வேறிடத்தில் விட்டனர். மார்ச்சில் வேட்டைக்காரர் ஒருவர் சுட்டுக் கொன்றார். ஆயினும் இரண்டு தனிமைகளும் ஒன்றல்ல. ஓநாய் கூட்டமாக வாழும் விலங்கு. தக்காயாவின் தனிமை விதிவிலக்கு. வளர்ந்த ஆண் யானை மந்தையை விட்டுப் பிரிந்து திரிவதோ இயல்பு. ‘ஒற்றையான்’ என்னும் மலையாளச் சொல்லில் நாம் கேட்கும் சோகத்தில் பாதி நம்முடையது.

தொலைவிலிருப்போர் மட்டுமே பெயரிடுகின்றனர் என்றும் கூறிவிட முடியாது. மூணாற்றின் தேயிலைச் சரிவுகளில் திரியும் யானைக்குப் ‘படையப்பா’ என்ற பெயர் நிலைத்தது தமிழ் வழங்கும் ஊரில்தான். ஆனால் அங்கே பெயர் சொல்பவரே வழிவிட்டும் நிற்க வேண்டியவர்.

2023 செப்டம்பரில் அரிக்கொம்பன் மாஞ்சோலையை அடுத்த நாலுமுக்குத் தோட்டத்துக்கு வந்தபோது நாடே செய்தி கேட்டது. 2028இல் முடியவிருக்கும் 99 ஆண்டுக் குத்தகையை முன்னிட்டு, 2024 ஜூனில் அத்தோட்டத் தொழிலாளர்களின் வேலை முடிவுக்கு வந்தபோது அவ்வளவு பேர் கேட்கவில்லை. போனக்காட்டிலும் இதே நிலைதான். வெளியூர் இளைஞர் தேடிவருவது பாழடைந்த பங்களாவின் பேயை. தொழிற்சாலை மூடிய பின்னும் லயங்களில் தங்கியிருக்கும் தமிழ்க் குடும்பங்களை அல்ல. இருட்டிய பின் அந்த லயங்களில் கேட்கும் வாக்கியத்தில் வினை இன்றும் அஃறிணையிலேயே முடிகிறது: “ஆனை வந்துருச்சு.”