ஹம்மன்–ரிச்: இடம் மாறிய ஒரு பெயர்

நுரையீரலின் மெல்லிய சுவர்களில் நார்த்திசு படர்ந்து, மூச்சு மெல்ல மெல்லக் குறைந்துபோகும் நோயை இன்று மருத்துவர்கள் 'இடியோபதிக் பல்மனரி ஃபைப்ரோசிஸ்' என்கிறார்கள். ஒரு காலத்தில் பல நாடுகளில் இதற்கு 'ஹம்மன்–ரிச் நோய்' என்று பெயர். அந்தப் பெயர் இந்த நோய்க்காகப் பிறந்ததே அல்ல.

லூயிஸ் ஹம்மனும் ஆர்னல்டு ரிச்சும் அமெரிக்காவின் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பணியாற்றியவர்கள். நோயாளியைப் பார்த்து நோயைக் கணிப்பதில் பேர்பெற்றவர் ஹம்மன். ரிச் நோயியல் அறிஞர். கவிஞர் ஏட்ரியன் ரிச்சின் தந்தை. 1935-இல் சுருக்கமாகவும் 1944-இல் விரிவாகவும் தாங்கள் கண்டதை இருவரும் வெளியிட்டார்கள். 1944-ஆம் ஆண்டுக் கட்டுரை நான்கு நோயாளிகளைப் பற்றியது. நால்வருக்கும் மூச்சுத்திணறல் சட்டென்று முற்றியது. ஆறு மாதத்துக்குள் நால்வரும் இறந்துவிட்டார்கள். பிணப் பரிசோதனையில் காற்றறைகளுக்கு இடைப்பட்ட சுவர்கள் நார்த்திசுவால் தடித்திருந்தன. நோயின் வேகத்தைக் குறிக்கும் சொல்லோடுதான் இரண்டு கட்டுரைகளின் தலைப்பும் தொடங்குகிறது.

அந்த வேகம்தான் பின்னால் மறந்துபோயிற்று. வருடக்கணக்கில் இருமி, படியேற முடியாமல் தவித்தவர்களின் நுரையீரலிலும் நார்த்தழும்பு காணப்பட்டபோது, கைக்கு எட்டிய பெயர் ஹம்மன்–ரிச்தான். 'நாள்பட்ட ஹம்மன்–ரிச்' என்றுகூட எழுதினார்கள். நான்கு பேரை மாதங்களில் கொன்ற நோயின் பெயரோடு 'நாள்பட்ட' என்ற அடைமொழி! 1986-இல் அமெரிக்க நோயியல் அறிஞர் கேட்ஸன்ஸ்டைனின் குழுவினர் வேகமாகக் கொல்லும் இந்த வகையைத் தனியே பிரித்து, 'கடிய' என்ற பொருள்படும் அடைமொழியை அதற்கு மீட்டுக் கொடுத்தார்கள். 1990-இல் வேறொரு குழு பழைய ஹம்மன்–ரிச் திசுக்களையே மறுபடி எடுத்துப் பார்த்து, அவையும் இந்த வகைதான் என்று உறுதி செய்தது. பெயர் தன் சொந்த நோய்க்குத் திரும்பிவர ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆயிற்று.

இரவல் பெயர் இந்த நோய்க்குப் புதிதல்ல. 1838-இல் டப்ளினில் டொமினிக் காரிகன் இதுபோன்ற தழும்பேறிய நுரையீரலை 'நுரையீரல் சிரோசிஸ்' என்று அழைத்தார். சிரோசிஸ், கல்லீரலின் பழுப்பு மஞ்சள் நிறத்தைப் பார்த்து பிரெஞ்சு மருத்துவர் லேன்னெக் வைத்த பெயர். நுரையீரலில் அந்த நிறம் கிடையாது.

நோயாளிகளை உண்மையாகவே பாதித்தது பிரிட்டனில் வழங்கிய பெயர்தான் என்று நினைக்கிறேன். 1964-இல் அங்கிருந்த மருத்துவர் ஸ்கேடிங் 'ஃபைப்ரோசிங் ஆல்வியோலைட்டிஸ்' என்ற பெயரை முன்வைத்தார். காரணம் மறைந்திருப்பதால் 'கிரிப்டோஜெனிக்' என்ற கிரேக்க அடைமொழி பின்னர் அதன்முன் சேர்ந்தது. கவனிக்க வேண்டியது 'ஐட்டிஸ்' என்ற விகுதியை. கிரேக்கத்தில் அதற்கு 'உரியது' என்றுதான் பொருள். ஆர்த்ரைட்டிஸ் என்றால் மூட்டுக்கு உரிய நோய். மருத்துவத்தில் வழங்கி வழங்கி அது 'அழற்சி' என்ற பொருளில் நிலைத்தது. முதலில் காற்றறையில் அழற்சி, அது ஆறாமல் பிறகு தழும்பு என்ற கொள்கைக்கு அந்த விகுதி பொருத்தமாக இருந்தது. அழற்சி என்றால் மருந்து ஸ்டீராய்டு. அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் 'ஃபைப்ரோசிஸ்' என்று எழுதியவர்களும் அதே மருந்தைத்தான் கொடுத்தார்கள். ஆகவே பழியெல்லாம் பெயருக்கல்ல. ஆனாலும் நோய்ச்சீட்டில் ஒவ்வொரு முறை அந்தப் பெயரை எழுதும்போதும் கொள்கையும் கூடவே எழுதப்பட்டது.

2001-இல் மெக்சிகோவின் செல்மன், பார்டோ ஆகியோரும் அமெரிக்காவின் கிங்கும் சேர்ந்து ஒரு கட்டுரையில் இந்த அழற்சிக் கொள்கையைக் கேள்விக்கு உட்படுத்தினார்கள். காற்றறையின் உட்படலம் திரும்பத் திரும்பக் காயப்படுகிறது, அந்தக் காயம் முறைதவறி ஆறுகிறது, நார் படிகிறது. அழற்சி இதில் முதன்மையானதல்ல என்றார்கள். 2012-இல் வெளியான பேந்தர் (PANTHER) என்ற மருந்தாய்வில் பிரட்னிசோன், அசதயோபிரின், அசிட்டைல்சிஸ்டைன் மூன்றும் பெற்ற குழுவில் 8 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை பெற்ற குழுவில் ஒருவர். அந்த மும்மருந்து சிகிச்சையை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். 2014-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பிர்ஃபெனிடோனும் நின்டெடானிபும் நார்படிதலின் வேகத்தைக் குறைக்கும் மருந்துகள்.

மிஞ்சியிருப்பது 'இடியோபதிக்'. கிரேக்கத்தில் இடியோஸ் என்றால் சொந்தம், பாதோஸ் என்றால் துன்பம்; வேறொன்றின் விளைவாக வராமல் தானே எழுந்த நோய் என்பது பழைய பொருள். இன்று 'காரணம் தெரியாதது' என்பதே வழக்கு. 2011-இல் MUC5B என்ற மரபணுவுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு வெளிவந்தது; அந்த அடைமொழியை விட்டுவிடலாமா என்று 2018-இல் ஆய்விதழ்களில் வாதம் நடந்தது. இப்போதைக்கு அது இருப்பதே நல்லது என்பது என் கருத்து. மருத்துவர் அந்தச் சொல்லை எழுதுமுன் புறா வளர்ப்பு, பூஞ்சை, கல்தூசி, கல்நார், மூட்டுவாதம், உட்கொண்ட மருந்துகள் என ஒவ்வொன்றையும் கேட்டு விலக்கியாக வேண்டும். 2017-இல் வெளியான, நுரையீரல் இடைத்திசு நோய்களுக்கான இந்தியப் பதிவேட்டில் இருந்த 1,084 நோயாளிகளில் 47.3 விழுக்காட்டினருக்கு இருந்தது, சுவாசிக்கும் காற்றில் உள்ள பொருள்களால் வரும் ஒவ்வாமை நுரையீரல் நோய். அவர்களில் பாதிப்பேர் அளவில் ஏர்கூலரின் காற்றைச் சுவாசித்தவர்கள். இடியோபதிக் என்ற பெயர் பொருந்தியது 13.7 விழுக்காட்டினருக்கு மட்டுமே.