பழைய எஞ்சின், அதே தண்டவாளம்

பழைய பெரிய மாடல் ரயில் வாங்க ஆசையா? முதலில் அதன் கதையைக் கேளுங்கள்.

1881இல் ஜெர்மனியின் பிராண்டன்பர்க்கில் தொடங்கிய லேமன் பொம்மை நிறுவனம், இரண்டாம் உலகப் போருக்குப் பின் நியூரம்பெர்க்கில் மறுபடி வேரூன்றியது. 1968இல், தோட்டத்தில் மழையிலும் ஓடும் எல்ஜிபி ரயிலைக் கொண்டுவந்தது. நிஜ மீட்டர் பாதையை 22.5 மடங்கு சுருக்கினால் ஏறக்குறைய 45 மி.மீ. வரும், அதுதான் இதன் தண்டவாள அகலம். நம் ஊட்டி மலை ரயிலும் மீட்டர் பாதைதான்!

2006இல் நிறுவனம் நொடித்தது. அடுத்த ஆண்டு மார்க்லின் வாங்கியது. அகலம் மட்டும் மாறவே இல்லை.

நான் எழுதும் மென்பொருள் பத்து வருடம் தாண்டினாலே அபூர்வம். 1968 எஞ்சினோ இன்றைய தண்டவாளத்திலும் ஓடும். அதனால் பழசு என்று தயங்காதீர்கள். வெளிப் பளபளப்பைவிடப் பல்சக்கரத்தைப் பாருங்கள். ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.