நூலகத் தேடலும் அதன் மதிப்பீடும்

கீழ்பென்னாத்தூரின் பழஞ்செய்திகளைத் தேடப் புகும் மாணவன் முதற்கண் இடர்ப்படுவது நூலின்மையால் அன்று. எத்தலைப்பின்கீழ்த் தேடுவது என அறியாமையாலேயே ஆம். இவ்வூரை உட்கொண்டிருந்த திருவண்ணாமலை வட்டம், 1906-இல் பிரான்சிசு என்பார் வெளியிட்ட தென்னார்க்காட்டு மாவட்ட விவரச் சுவடியில் இடம்பெற்றுள்ளது. பின்னர் அவ்வட்டம் வட ஆர்க்காட்டைச் சார்ந்தது. 1989-இல் திருவண்ணாமலை தனி மாவட்டமாயிற்று. இம்மூன்று பெயர்களின்கீழும் தேடாதவன் 'சான்று இல்லை' என்று துணிந்து எழுதிவிடுவான். ஊர்ப்பெயரும் 'கீழ்ப்பெண்ணாத்தூர்' என வேறாக எழுதப்பெறுதலின், கணினித் தரவுத்தளத்தில் ஓரெழுத்து மாறினும் விடை மாறும்.

இவ்விடரைத் தீர்க்கும் நெறியை வகுத்தவர் சீர்காழியிற் பிறந்த சீ. இரா. அரங்கநாதனார். சென்னை மாநிலக் கல்லூரியிற் கணிதம் கற்பித்த அவர், 1924-இல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் நூலகரானார். அவ்வாண்டே இலண்டன் சென்று நூலகக் கலை பயின்று, 1925-இல் மீண்டார். 1928-இல் தோன்றிய சென்னை நூலகச் சங்கம் மறு ஆண்டே நூலகர் பயிற்சி வகுப்பைத் தொடங்க, 1931-இல் பல்கலைக் கழகம் அதனை மேற்கொண்டது. அவ்வாண்டில் வெளிவந்த அவருடைய ஐந்து விதிகளுள் நான்காவது, படிப்போர் காலத்தைக் காத்தல் பற்றியது.

1933-இல் வெளிவந்த கோலன் பகுப்புமுறையே ஈண்டு நம் கருத்துக்குரியது. ஒரு பொருளை அதன் கூறுகளாகப் பிரித்து, அக்கூறுகளைக் குறிகளால் இணைப்பது அதன் அமைப்பு. ஊர், காலம், பொருள், ஆவண வகை எனத் தன் வினாவைப் பிரித்தறியும் மாணவன் அம்முறையைத் தன்னை அறியாமலே கையாள்கின்றான். அதனை நூல் அடுக்கும் முறையென்றே கருதி நூலகரிடம் விட்டொழித்தது தமிழாசிரியராகிய நம் பிழை என்பேம்.

மின்னூலகங்கள் இவ்வறிவின் தேவையைக் குறைத்தில. பழநூல்கள் பல அவற்றில் பக்கப் படங்களாகவே உள்ளன. நூலின் உள்ளே புதைந்த ஊர்ப்பெயர் சொல்தேடலுக்கு அகப்படாது. பட்டியலில் அகப்படாதது உலகிலேயே இல்லையெனத் துணிவார் மாணவர் மட்டும் அல்லர்!

இனி மதிப்பீடு. விடையை மட்டும் நோக்கித் தேர்வு செய்தால், பிறர் ஏட்டைப் பார்த்து எழுதியவனும் தேடிக் கண்டவனும் ஒப்பர். ஆதலின் எம் வகுப்பில் விடையோடு தேடற் குறிப்பேடும் கேட்கின்றோம்: எச்சொல்லால் தேடினர், கிடையாதபோது எதற்கு மாறினர், எந்நூலை ஏன் விலக்கினர் என்பன அதில் வேண்டும். பயனற்றுப்போன ஐந்து சொற்களை வரிசையாக எழுதியிருந்த மாணவி ஒருத்திக்கு, விடை மட்டும் தந்தோரினும் மிகுந்த மதிப்பெண் வழங்கினேம். ஆறாவதாக அவள் எழுதியிருந்த சொல் 'தென்னார்க்காடு'.